பூவாளிச் சத்தம்

சார், கொஞ்சம் காலைத் தூக்குங்க. எலுமிச்சம்பழம் ஒண்ணு உருண்டு உங்க சீட்டுக்கு அடியில போயிருச்சு. அந்தா, உங்க பெட்டிக்குப் பின்னால. இருங்க இருங்க, நீங்க தொடாதீங்க, நானே... சரி, எடுத்துட்டீங்க. குடுங்க. ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கிறேன். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வேற யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தான் அந்த ஆளு. இந்த டிரைவர் வளைக்கிற வளைப்புக்கு நான் என்ன பண்ண முடியும்?

ஜன்னலையும் சாத்திருங்க. வெயில் அடிக்குதேன்னு பாக்காதீங்க, மார்கழி வெயிலை நம்பக்கூடாது. எங்க இறங்கணும்? மந்தைப்புத்தூரா? அட, நம்ம ஊரு. பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார் வர்றாருன்னு சொன்னாங்க, நீங்கதானா? ரூம் எங்க, தபால்காரர் வீட்டு முன்னறையா? அப்ப என் வீட்டுக்கு நேர் எதுத்தாப்புல சார். நீங்க கதவைத் திறந்தா என் வாசல்தான். செல்லமுத்துன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. இப்ப கேட்டா கொஞ்சம் சிரிச்சுட்டுச் சொல்லுவாங்க. அதையும் நானே சொல்லிடறேன். ஊருக்குள்ள போனா வேற மாதிரி சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடி நீங்க என் வாயால கேட்டுக்கங்க.

கொடைக்கானலுக்குக் குறி கேக்கப் போனேன் சார். சிரிக்காதீங்க. வாத்தியாருக்கு இதெல்லாம் நம்பிக்கை இருக்காது. எனக்கும் கிடையாது. நாலு வருசம் தூக்கம் இல்லாம இருந்து பாருங்க, யார் எதைச் சொன்னாலும் போய் உக்காந்துருவீங்க.

எனக்கு ஒரே அண்ணன். குழந்தைவேலுன்னு பேரு. நாலு வயசு மூப்பு. எங்க ரெண்டு பேருக்கும் வீடு பக்கத்துப் பக்கத்துல, நிலம் ஒண்ணா. வீட்டுக்குக் கீழ சரிவுல இறங்கினா மூணு அடுக்கு நிலம், ஊத்துத் தண்ணி வந்து விழற ஒரு தொட்டி. நல்ல கருப்பு மண்ணு. பள்ளத்துல கிடக்கறதால ஒரு குறை மட்டும் உண்டு, ஊருல எங்க பனி விழாட்டியும் அங்க விழும்.

எங்க பக்கம் உருளைக்கிழங்குக்கு வருசத்துல கடைசிப் போகம்னு ஒண்ணு உண்டு. ஆடியில, தப்புனா ஆவணியில விதைச்சிரணும். கார்த்திகை முடியறதுக்குள்ள தோண்டி மூட்டை கட்டிரணும். மார்கழி பிறந்தா நிலத்துல பச்சைன்னு ஒண்ணு நிக்கக்கூடாது. உறைபனி விழுந்துரும்ல. இதெல்லாம் எங்க ஊருல அரைக்கால் சட்டை போட்டவனுக்கும் தெரியும்.

நாலு வருசத்துக்கு முந்தி நாங்க ஐப்பசி மூணாந்தேதி விதைச்சோம்.

ஏன்னு கேளுங்க. விதைக்கிழங்கு நான்தான் வாங்கினேன். வியாபாரி ஒருத்தன் மலிவாக் குடுத்தான், தோல்கூட சரியாக் காயாத புதுக்கிழங்கு. புதுக்கிழங்கு தூங்கும் சார். தோண்டின பிறகு ரெண்டு மாசம், ரெண்டரை மாசம் கண்ணே விழிக்காது. என்ன பண்ணாலும் முளை வராது. வைக்கோல்ல போட்டோம், சாக்குப் போட்டு மூடுனோம், அடுப்புப் பக்கத்துல வச்சோம், ம்ஹூம். அண்ணன் தெனமும் ஒரு கிழங்கை எடுத்து விரலால தடவித் தடவிப் பாப்பாரு. ஒரு வார்த்தை என்னைச் சொல்லலை. திட்டியிருந்தாலாவது நானும் ரெண்டு பேசியிருப்பேன். வியாபாரி ஏமாத்திட்டான், அதுல என் தப்பு என்ன இருக்கு? புரட்டாசிக் கடைசியிலதான் கண்ணு திறந்துச்சு. இந்த வருசம் வேணாம்னேன் நான். அண்ணன்தான், விதை வீணாப் போகும்டா, போடுவோம், பனியை நான் பாத்துக்கறேன்னாரு.

பனியை நான் பாத்துக்கறேன். அவரு சொன்ன வார்த்தை சார் அது. நான் இட்டுக்கட்டலை. அதை மட்டும் மறந்துராதீங்க.

பனி விழுந்த இலை அப்படியே கிடந்தா ஒண்ணும் ஆகாது. அதுமேல வெயில் பட்டாத்தான் கருகும். ஒரே நாள்ல, சுடுதண்ணி ஊத்துன கீரையாட்டம் தொங்கிரும். அதனால சூரியன் பள்ளத்துக்குள்ள எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி இலையைக் கழுவிரணும். கருக்கல்ல அஞ்சு மணிக்கு இறங்கணும், தொட்டியில பூவாளியை முக்கணும், சாலு சாலா, வரிசை வரிசையா ஊத்திட்டே போகணும். தொட்டித் தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கும், அதை நம்பி இறங்கிருவோம். ஆனா கால்ல வழியற தண்ணி நாலு எட்டு வைக்கறதுக்குள்ள பனியாயிரும். ரெண்டு பூவாளி, ரெண்டு மணி நேரம், ஒரு ஆளு. செருப்புப் போட்டா சேத்துல ஒட்டிக்கும், வெறுங்காலுதான்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு முறை வச்சுக்கிட்டோம். இன்னைக்கு அண்ணன், நாளைக்கு நான். எல்லாம் சரியா, நியாயமாப் பேசினது. மதினி நாச்சம்மா, என் பொண்டாட்டி பொன்னுத்தாயி ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கத்தான் பேசினோம்.

நானும் போனேன் சார். போகலைன்னு சொல்லலை. நடுவுல எனக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. ரெண்டு மூணு நாள் போக முடியலை. இடுப்பு வலி உங்களுக்கு வந்திருக்கா? வயசுப் பிள்ளை, வந்திருக்காது.

என் படுக்கை ஜன்னல் ஓரத்துல. நிலத்துக்கு இறங்குற தடம் அந்த ஜன்னலை ஒட்டித்தான் போகுது. அண்ணனோட பூவாளி பழைய தகரம். கைப்பிடி ஒரு பக்கம் ஆணி கழண்டு, நடந்தா கிணுங் கிணுங்னு ஆடும். என் முறைன்னைக்கு நான் முழிச்சுத்தான் இருப்பேன். பொன்னுத்தாயி முழங்கையால இடிப்பா, நேரமாச்சு, நேரமாச்சுன்னு. இந்தா எந்திரிக்கிறேன்டின்னு சொல்லிக் கம்பளியை விலக்கப் போவேன். அப்பப் பாத்து ஜன்னல் பக்கம் கிணுங் கிணுங். அண்ணன் போறாரு. சரி, அவரே எந்திரிச்சிட்டாரு, அப்புறம் ரெண்டு பேரு எதுக்கு, ஒரு ஆள் வேலைதானே? இப்ப எந்திரிச்சுப் போனாலும், நீ எதுக்குடா வந்தேன்னு திருப்பி அனுப்புவாரு. அப்படித்தான் நினைச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பீங்க. கம்பளிக்குள்ள காலு அப்பத்தான் சூடாகியிருக்கும்.

ஒரு வாரம்னு வச்சுக்கங்களேன். விட்டு விட்டு ஒரு வாரம்.

கீழேயிருந்து தண்ணி விழற சத்தம் வரும். சடசடன்னு ஒரு சாலு, அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது, தொட்டிக்குத் திரும்பி நடக்கிறாரு. மறுபடி கிணுங் கிணுங். சொன்னா வெக்கக்கேடு சார், அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நல்லாத் தூக்கம் வரும். சின்னப் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுன மாதிரி. அப்படி ஒரு தூக்கம் அதுக்கு முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை.

மார்கழிக் கடைசியில அண்ணனுக்கு இருமல் பிடிச்சுக்கிச்சு. இருமிட்டே போவாரு. பூவாளிச் சத்தம், இருமல், பூவாளிச் சத்தம். நான் பகல்ல சொன்னேன், அண்ணே, மருந்து வாங்கிச் சாப்பிடுங்கன்னு. சொல்லாம இல்லை. கஷாயம்கூட பொன்னுத்தாயி வச்சுக் குடுத்தா. பொங்கலன்னைக்கு உக்காந்து பொங்கல் சாப்பிட முடியலை அவரால, மூச்சு வாங்குது. மறுநாள் சாயங்காலம் ஜீப்புல போட்டு வத்தலக்குண்டுக்குக் கொண்டு போனோம். பின் சீட்டுல மதினி மடியில தலை. நான் காலைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். பாதம் ரெண்டும் வெடிச்சு, வெடிப்புக்குள்ள மண்ணு. எத்தனை நாள் மண்ணோ. பெரிய வளைவு ஒண்ணு இறங்கும்போது அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாரு.

“செல்லமுத்து, நாளைக்கு உன் முறைடா”ன்னாரு.

குறி சொன்னவன் இதைத்தான் கேட்டான் சார். கடைசியா உன்கிட்ட என்ன சொன்னாருன்னு. ஒண்ணும் சொல்லலைன்னுட்டேன். உங்ககிட்ட சொல்றேன், நீங்க வெளியூரு. ஏன் அவன்கிட்ட சொல்லலைன்னு கேக்காதீங்க, வாய் வரலை.

ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. ஒரு ஆளுதான் கூட இருக்கலாம்னாங்க. மதினி இருந்துச்சு. நான் அதே ஜீப்புல திரும்பி வந்துட்டேன். நாளைக்கு என் முறைல்ல, அதுக்காகத்தான் வந்தேன். சத்தியமா அதுக்காகத்தான் வந்தேன். படுத்தேன். கருக்கல்ல முழிப்பு வந்துச்சு. ஜன்னல் கண்ணாடி வெள்ளை பூத்துக் கிடக்கு, அப்படி ஒரு பனி. எந்திரிக்கணும்னு தெரியுது. ஆனா உடம்பு பழகிருச்சு சார். கொஞ்ச நேரத்துல சத்தம் வந்துரும்னு படுத்திருக்கேன். அண்ணன் வத்தலக்குண்டுல கிடக்காருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே படுத்திருக்கேன். சத்தம் வரட்டும், வரட்டும்னு காதை வச்சுட்டே இருக்கேன். வரலை. வெளிச்சம் வந்துருச்சு. சத்தம் வரலை.

ஆறரைக்கு ஆஸ்பத்திரியிலயிருந்து போன் வந்துச்சு.

டிக்கெட் எடுத்துட்டீங்கள்ல? அந்தா கண்டக்டர் வர்றாரு. சரி, சரி. ஏம்ப்பா, இவரு நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்த வாத்தியாருப்பா. எங்க ஊருல இறக்கிவிட மறந்துறாத, நான்தான் கூட இருக்கேன்ல.

அன்னைக்கு அடிச்ச வெயில்ல மூணு அடுக்கும் கருகிப்போச்சு. காடு கருப்பாக் கிடக்க, அது நடுவுல இறங்கித்தான் அண்ணனைத் தூக்கிட்டுப் போனோம், சுடுகாட்டுக்குத் தடம் அப்படித்தான். ஆனா பாருங்க, அதுக்குள்ள மண்ணுக்கு அடியில கிழங்கு முத்தியிருந்துச்சு. பதினாறு முடிஞ்சு தோண்டுனோம். ஒவ்வொண்ணும் உள்ளங்கை கொள்ளாது. அந்த மாதிரி விளைச்சலை நான் பாத்ததே இல்லை. ஊரே வந்து பாத்துச்சு. மதினி மட்டும் அதுல ஒரு கிழங்கை வாயில வைக்கலை. இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டுல உருளைக்கிழங்குக் குழம்பு கிடையாது.

அடுத்த மார்கழியில ஆரம்பிச்சுச்சு.

நிலம் வெறுமனே கிடக்கு. கார்த்திகையிலயே தோண்டியாச்சு. முதல் பனி விழுந்த அன்னைக்குக் கருக்கல்ல, ஜன்னல் பக்கம் கிணுங் கிணுங். பொன்னுத்தாயியை எழுப்புனேன். ஒண்ணும் கேக்கலையேங்கறா. கீழ சடசடன்னு தண்ணி விழுது. வெறும் மண்ணுல தண்ணி விழுந்தா எப்படிக் கேக்கும், இலைமேல விழுந்தா எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாதா? வெறும் மண்ணுல விழுது. நான் கம்பளியை இழுத்துத் தலையோட மூடிட்டேன். விடிஞ்சு போய்ப் பாத்தா மண்ணு காஞ்சு கிடக்கு. அண்ணனோட பூவாளி மதினி வீட்டு உத்தரத்துல தொங்குது, ஒட்டடையோட.

பனி விழுற அன்னைக்கெல்லாம் அப்படித்தான். மேகம் மூடி பனி இல்லைன்னா வராது. அதுல ஒரு நாள்கூட தப்பலை. அவரு உசிரோட இருக்கும்போதும் தப்ப மாட்டாரு.

என்ன வேணும்னு தெரியலையே சார். திதி குடுத்தேன். அவருக்குப் பிடிச்ச சுருட்டு வாங்கிச் சுடுகாட்டுல வச்சேன். புது வேட்டி, புதுச் சட்டை, புதுக் கம்பளி எல்லாம் படைச்சேன். கால் வெடிப்புக்குக் களிம்புகூட வாங்கி வச்சேன், பொன்னுத்தாயி சிரிச்சா, அப்புறம் அழுதா. வேலப்பர் கோயிலுக்கு மொட்டை போட்டேன். நானும் என்னென்னமோ குடுத்துப் பாத்துட்டேன், மனுசன் ஒண்ணுலயும் அடங்கலை. என்கிட்ட என்னதான் கேக்கறாரு, நீங்க படிச்சவரு, உங்களுக்காவது தெரியுதா?

பொன்னுத்தாயி ஒண்ணு சொன்னா. கேக்கறப்ப எந்திரிச்சுப் போய்ப் பாருங்கன்னா. அவளுக்கென்ன, சொல்லிட்டா. எப்படி எந்திரிக்கறது? கையும் காலும் கட்டிப் போட்ட மாதிரி கிடக்கு. பயம்னா பயம் சார், அப்படி ஒரு பயம். ஐம்பத்தாறு வயசு ஆளு இப்படிப் புதுசாப் பாத்தவர்கிட்ட சொல்லக் கூடாது. சொல்லிட்டேன்.

மூணு மார்கழி இப்படிப் போச்சு. இந்த வருசம் எனக்கு ஒரு யோசனை தோணுச்சு. அண்ணன் பாவம், வெறும் நிலத்துல வந்து தண்ணி ஊத்துறாரு. வேலை முடியாமப் போன ஆளு. பயிர் இருந்தா, அது மனசு குளிரக் கழுவிட்டு, இலையெல்லாம் பச்சையா இருக்குன்னு பாத்துட்டு நிம்மதியாப் போயிருவாரு. தப்பா? அதனால வேணும்னே ஆவணியில விதைக்காம, அதே ஐப்பசி மூணாந்தேதி விதைச்சேன். ஊரே கைகொட்டிச் சிரிச்சுச்சு. செல்லமுத்துக்கு மூளை குழம்பிப் போச்சுன்னாங்க.

இப்ப நிலம் ஆளுக்குப் பாதி. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல ஒரு வரப்பு, அந்தப் பக்கம் மதினியோடது, இந்தப் பக்கம் என்னது. பன்னிக்குப் போட்ட கம்பி வேலி மொத்தத்துக்கும் ஒண்ணுதான். நான் போடறேன்னு தெரிஞ்சதும் மதினியும் விதையைக் கொண்டு வந்து அதோட பாதியில ஊணிட்டுப் போச்சு. ஏன் மதினின்னு கேட்டேன். வேலி காக்கறது காக்கறோம், சும்மா எதுக்குக் கிடக்கணும்னுச்சு. எங்க மதினி ரொம்பப் பேசாது.

பயிர்னா அப்படி வந்துச்சு சார் இந்த வருசம். மழை நிதானமாப் பேஞ்சுச்சு. முழங்கால் உசரம், கரும்பச்சை. நான் சாயங்காலம் வரப்புல நின்னு, பாருங்கண்ணே, உங்களுக்காகத்தான்னு சத்தமாவே சொல்லுவேன்.

போன புதன்கிழமை முதல் பனி. வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு, அப்பவே தெரியும். கருக்கல்ல முழிச்சிட்டேன். ஜன்னல் பக்கம் கிணுங் கிணுங். அதே சத்தம், அதே கைப்பிடி. ஆனா இந்தத் தடவை பயமே இல்லை. வந்துட்டாரு, வந்து பாக்கட்டும்னு இருக்கு. கீழ தண்ணி விழுது, இலைமேல விழுது சார், சடசடன்னு நல்லாக் கேக்குது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஊத்துங்கண்ணே, நல்லா ஊத்துங்கன்னு சொல்லிட்டு, கம்பளியைப் போத்தி, நாலு வருசம் கழிச்சு அன்னைக்குத்தான் அசந்து தூங்குனேன்.

எட்டு மணிக்கு எந்திரிச்சுக் கீழ இறங்குறேன். மூணு அடுக்குலயும் வரப்புக்கு அந்தப் பக்கம் பச்சை. இந்தப் பக்கம் கருப்பு. கயிறு பிடிச்சுக் கோடு போட்டாக்கூட அப்படி நேரா வராது.

மதினி தொட்டிக் கரையில உக்காந்து கால் கழுவிட்டு இருக்கு. பக்கத்துல அண்ணனோட பூவாளி.

எனக்கு முதல்ல ஒண்ணும் புரியலை. அப்புறம் புரிஞ்சதும் கோபம் வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு கோபம். சொந்தக் கொழுந்தன் நான். வரப்பைத் தாண்டி ரெண்டு எட்டு. தண்ணி இருக்கு, கையில பூவாளி இருக்கு. கேட்டுட்டேன். “ஏன் மதினி, அவ்வளவு ஊத்துனீங்களே, என் பக்கமும் சேத்து ஊத்துனா என்ன கொறைஞ்சா போயிருவீங்க?”

மதினி காலைக் கழுவி முடிச்சு, சேலையை இறக்கி விட்டுட்டு, நிதானமாத்தான் சொல்லுச்சு. “அவரு ஊத்துனாரு, கொழுந்தனாரே. நான் அவரு இல்லை.”

நான் நின்னேன். எனக்கு இடுப்பு வலி மதினின்னேன்.

“தெனமும் இதைத்தான் அவரும் சொன்னாரு. இன்னைக்கு யாரு முறைன்னு கேப்பேன், என் முறைதாம்பாரு. நேத்தும் உங்க முறைதானேன்னா, தம்பிக்கு இடுப்பு வலிம்பாரு. இருபத்தெட்டு நாள் பனி விழுந்துச்சு. நீங்க ஒரு நாளாச்சும் இறங்குனீங்களா?”

முதல் நாள் போனேன் சார். அது மதினிக்கு ஞாபகம் இல்லை. முதல் நாள் என் முறை, நான்தான் போனேன். நீங்க அதை ஞாபகம் வச்சுக்கங்க.

அப்ப மூணு வருசமா வெறும் நிலத்துல கேட்டதும் நீங்கதானா மதினின்னு கேட்டேன். அது என்னைக் கிறுக்கனைப் பாக்கற மாதிரி பாத்துச்சு. வெறும் நிலத்துக்கு நான் எதுக்கு வரப்போறேன்னுச்சு. பூவாளியைத் தூக்கிட்டு மேல ஏறிப் போயிருச்சு. அந்தக் கிணுங் கிணுங் சத்தம் என் முன்னாடியே பகல்ல போகுது.

தெளிப்பான் வாங்கலாம்தான், நீங்க கேக்கறது சரி. எல்லாரும் அதான் சொல்றாங்க. ஆனா தெளிப்பான் வச்சாலும் கருக்கல்ல யாராவது எந்திரிச்சுத் திறந்து விடணுமே சார்.

இதுவரைக்கும் நடந்ததுகூடப் பரவாயில்லை. என் பக்கம் போனது போகட்டும், அடித்தண்டுல நாலு குருத்து இன்னும் உசிரோட நிக்குது. இன்னைக்கு நடந்ததுதான் என்னைக் குறி கேக்க விரட்டிருச்சு. காலையில மதினி பையோட என் வாசல்ல வந்து நிக்குது. வத்தலக்குண்டுல அது மகளுக்குப் பிரசவ வலி கண்டிருச்சு, போன் வந்திருக்கு. மூணு நாளாகும் திரும்பன்னுச்சு. பூவாளியை என் வாசல்ல இறக்கி வச்சுச்சு. அண்ணனோட பூவாளி.

“என் பாதி பச்சையா இருக்கு. பேத்தி பொறந்தாலும் பேரன் பொறந்தாலும் அதுல வர்றதை வச்சுத்தான் பதினாறாம் நாள் தொட்டில் போடணும். மூணு நாள் உங்க முறை” அப்படின்னுட்டு, முதல் பஸ்சுக்குப் போயிருச்சு. முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு வாயைத் திறக்கவே நேரம் குடுக்கலை.

நானும் அடுத்த பஸ்சைப் பிடிச்சுக் கொடைக்கானலுக்கு ஓடுனேன். குறி சொல்றவன் இந்த நாலு எலுமிச்சம்பழத்தைக் குடுத்து நிலத்தோட நாலு மூலையிலயும் புதைன்னான். புதைச்சா சத்தம் நிக்குமான்னு கேட்டேன். நிக்கும்னான். நிக்கும்னு அவன் சொன்னதும் எனக்குக் குளிர் எடுத்துக்கிச்சு சார். ஏன்னு கேளுங்க. நாளைக்கு மதினி ஊருல இல்லை. சத்தம் வந்தா அது அண்ணன்தான், சந்தேகமே இல்லை. அது ஒரு பயம். சத்தம் வராம இருந்துட்டா? அன்னைக்கு ஒரு நாள் வராம இருந்துச்சே, நான் காதை வச்சுட்டுப் படுத்திருந்தேனே, அந்த மாதிரி ஜன்னல் பக்கம் ஒண்ணுமே இல்லாம விடிஞ்சிருச்சுன்னா? அது இதைவிடப் பயம் சார். நிஜமாவே சொல்றேன், அது செத்தாலும் தாங்காது எனக்கு.

வெளிய பாருங்க. ஒரு பொட்டு மேகம் இல்லை. காத்தும் நின்னுருச்சு. இந்த மலையில பொழுது சாயறப்ப இப்படி இருந்தா ராத்திரி விழும். கட்டாயம் விழும்.

பொன்னுத்தாயி இப்பல்லாம் இடிச்சு எழுப்பறதில்லை. நாலு வருசமா எழுப்பறதில்லை. திரும்பிப் படுத்துக்கறா.

வந்துருச்சு நம்ம ஊரு. பாத்து இறங்குங்க, படி உசரம். பெட்டியை நான் பிடிக்கிறேன், நீங்க முன்னாடி போங்க. அந்தா தெரியுது பாருங்க, தபால்காரர் வீடு, எதுத்தாப்புல ஓட்டு வீடு என்னது. சார், ஒரு உதவி. புது இடம், உங்களுக்கு எப்படியும் நாளைக்கு வெள்ளனவே முழிப்பு வந்துரும், இந்தக் குளிருக்கு யாருக்கும் தூக்கம் பிடிக்காது. அஞ்சு மணிக்கு ஒரு எட்டு வந்து என் கதவைத் தட்டுங்க. பலமாத் தட்டுங்க. இந்தா வந்துட்டேன்னு உள்ளயிருந்து நான் குரல் குடுப்பேன். குரல் குடுத்ததும் போயிராதீங்க, நான் அப்படித்தான் சொல்லுவேன். கொஞ்ச நேரம் நின்னு பாருங்க.

அப்படியும் நான் வரலேன்னா, பூவாளி வாசல்லதான் இருக்கும் சார். தடம் ஜன்னலை ஒட்டியே இறங்குது, தொட்டி பக்கத்துலதான். மதினியோட பாதி மட்டும் ஊத்துனாப் போதும்.